வள்ளலார் வழியில் தொடங்குவோருக்கு: பசியிலிருந்து ஞானசபை வரை

வள்ளலார் பாடிய திருவருட்பாவை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களில் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஏறத்தாழ 5,800 பாடல்கள் கொண்ட நூலை முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினால், திருவொற்றியூர்ச் சிவனையும் வடிவுடையம்மனையும் பாடும் மாலைகளும் பதிகங்களும் வரிசையாக வந்து நிற்கும். சமய இலக்கியப் பழக்கம் இல்லாதவர் சில நாட்களில் களைத்துவிடுவார். கடைசிப் பகுதியிலிருந்து தொடங்கினால் மரணமிலாப் பெருவாழ்வு, ஒளியுடம்பு, சித்திகள் என்று பேச்சு எங்கோ உயரத்தில் நடக்கும். படிப்பவர் ஒன்று மயங்கிப் போவார், அல்லது நம்ப முடியாமல் நூலை மூடிவைப்பார். இவ்விரண்டையும் விட எளிய நுழைவாயில் ஒன்று உண்டு. அது பசி. வள்ளலார் தம் வாழ்வில் எதை முதலில் நிறுவினாரோ, எதைப் பற்றி எல்லோருக்கும் புரியும் உரைநடையில் எழுதினாரோ, அங்கிருந்தே தொடங்குவது புதியவருக்கு நல்லது என்பது இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு.

வாழ்க்கையின் சுருக்கம்

வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் 5-10-1823 அன்று சிதம்பரம் வட்டாரத்திலுள்ள மருதூரில், இராமையா பிள்ளைக்கும் சின்னம்மைக்கும் ஐந்தாவது குழந்தையாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்ததால் குடும்பம் பொன்னேரிப் பக்கம் சென்று, பின்னர் சென்னை ஏழுகிணறு பகுதியில் குடியேறியது. சிறு வயதிலேயே கந்தகோட்டத்து முருகனையும், பிறகு பல ஆண்டுகள் திருவொற்றியூர் இறைவனையும் பாடினார். 1858-இல் சென்னையை விட்டு நீங்கிச் சிதம்பரம் சென்றவர், கருங்குழியில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். 1865-இல் சமரச வேத சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். அதுவே பின்னர் சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம் எனப் பெயர் மாறியது. பார்வதிபுரம் மக்கள் கொடுத்த ஏறத்தாழ 80 காணி நிலத்தில் 23-5-1867 அன்று வடலூர்ச் சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டது. 1870-இல் அருகிலுள்ள மேட்டுக்குப்பத்துக்குச் சென்றார். 25-1-1872 தைப்பூசத்தன்று சத்திய ஞானசபையில் வழிபாடு தொடங்கியது. 30-1-1874 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத் திருமாளிகையின் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். அதன் பின் அவரை எவரும் கண்டதில்லை.

இந்த வரிசையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோறு போடும் சாலை முதலில் வந்தது. சோதியை வழிபடும் சபை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. இதைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை. அவர் எழுதியவற்றைப் படிக்கப் படிக்க, வழியின் ஒழுங்குமுறையே இப்படித்தான் என்பது தெளிவாகும்.

முதற்படி: சில பாடல்களை வாய்விட்டுப் படித்தல்

முழு நூலையும் உடனே வாங்க வேண்டியதில்லை. நூலின் கடைசிப் பகுதியான ஆறாம் திருமுறையிலிருந்து பிள்ளைச் சிறு விண்ணப்பம், பிள்ளைப் பெருவிண்ணப்பம், சுத்த சன்மார்க்க வேண்டுகோள் ஆகிய மூன்றும் கிடைத்தால் தொடக்கத்துக்குப் போதும். சொற்களைப் பிரித்து அச்சிட்ட பதிப்பாகப் பார்த்து எடுப்பது நல்லது. பழைய முறையில் சீர் பிரித்து அச்சிட்ட பதிப்பில், பாட்டு எளிதாக இருந்தும் எழுத்துக்கட்டு கடினமாகத் தோன்றி, கல்லாதவரையும் மகிழ்விக்கப் பாடியவரைப் புலவர்க்கு மட்டுமே உரியவராக ஆக்கிவிடும்.

கண்ணால் மட்டும் ஓட்டாமல் வாய்விட்டுப் படியுங்கள். பிள்ளைச் சிறு விண்ணப்பத்தின் முதற்பாட்டில், குறும்பு செய்யும் மகனைத் தந்தை அடித்தால் தாய் அணைப்பாள், தாய் அடித்தால் தந்தை அணைப்பான், எனக்கோ இரண்டும் நீயே என்பதால் அடித்தது போதும், அணைத்துக்கொள் என்று இறைவனிடம் முறையிடுகிறார். இதற்கு உரை தேவையில்லை. பெருவிண்ணப்பத்தில் எல்லோரும் மேற்கோள் காட்டும் பாட்டு பின்வருவது:

வாடிய பயிரைக் கண்டபோ தெல்லாம்
வாடினேன் பசியினால் இளைத்தே
வீடுதோ றிரந்தும் பசியறா தயர்ந்த
வெற்றரைக் கண்டுளம் பதைத்தேன்
நீடிய பிணியால் வருந்துகின் றோர்என்
நேருறக் கண்டுளந் துடித்தேன்
ஈடின்மா னிகளாய் ஏழைக ளாய்நெஞ்
சிளைத்தவர் தமைக்கண்டே இளைத்தேன்.

மேடைகளில் முதல் அடியோடு நிறுத்திவிடுவது வழக்கமாகிவிட்டது. அதனால் பயிருக்காக வருந்திய மென்மையான மனிதர் என்ற படம் மட்டும் மக்கள் மனத்தில் தங்கிவிட்டது. பாட்டை முழுதும் படித்தால், பயிரில் தொடங்கிய பார்வை வீடு வீடாகப் பிச்சை கேட்டும் வயிறு நிறையாதவரிடம் போகிறது; நீண்டநாள் நோயாளியிடம் போகிறது; கடைசியில், கேட்க வாய் வராத மானமுள்ள ஏழையிடம் வந்து நிற்கிறது. முதல் மூவர் துன்பத்தைக் கண் காட்டிக்கொடுக்கும். நான்காமவர் துன்பத்தைத் தேடிப் பார்த்தால்தான் தெரியும். பின்வரும் படிகளுக்கெல்லாம் இந்த நான்காமவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம்படி: ஜீவகாருண்ய ஒழுக்கத்தை நிதானமாகப் படித்தல்

ஜீவகாருண்ய ஒழுக்கம் மூன்று பிரிவுகளாக அமைந்த உரைநடை நூல். தருமச்சாலை திறந்த நாளில் இதன் பகுதி அங்கே வாசிக்கப்பட்டது. கடவுள் வழிபாடு என்றால் என்ன என்ற கேள்விக்கு இந்த நூல் தரும் விடை, உயிர்கள் துன்பப்படும்போது ஆன்ம உருக்கம் கொண்டு உதவுவதே என்பதாகும். அந்த உருக்கம் ஏன் தோன்ற வேண்டும் என்பதற்கும் காரணம் சொல்கிறார்: எல்லா உயிர்களும் ஒரே இறைவனால் படைக்கப்பட்டவை, ஆதலால் உடன்பிறந்த உரிமை உடையவை, உடன்பிறப்பு வருந்துவதைக் கண்டால் உள்ளம் உருகுவது இயல்பு. உருகாமல் இருப்பதற்குத்தான் காரணம் தேட வேண்டும்.

உயிர்களுக்கு நேரும் துன்பங்களைப் பசி, தாகம், பிணி, இச்சை, எளிமை, பயம், கொலை என ஏழாக அவர் வகுக்கிறார். இவற்றில் பசியையும் கொலையையும் நீக்குவது உயர்ந்த காருண்யம். மற்றவற்றை நீக்குவது அதற்கு அடுத்தது. ஏன் பசிக்கு இந்த முதலிடம்? பசித்தவனுக்கு உடம்பில் என்ன நேர்கிறது என்று அவர் எழுதியிருக்கும் பகுதியை இடைநிறுத்தாமல் ஒரே மூச்சில் படித்தால் விடை கிடைக்கும். கண் பஞ்சடைந்து குழிகிறது, காது கும்மென்று அடைக்கிறது, நாக்கு உலர்கிறது, கை கால் சோர்கின்றன, குரல் மாறிக் குழறுகிறது, நரம்புகள் நைகின்றன என்று மருத்துவர் குறிப்பெடுப்பதுபோல் உறுப்பு உறுப்பாகச் சொல்லிக்கொண்டே போகிறார். வீதியில் பசித்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஒருவரால்தான் இப்படி எழுத முடியும். ஆன்மிக நூல் என்று எண்ணி எடுத்தவர்களுக்கு இந்தப் பக்கங்கள் சற்று அதிர்ச்சி தரக்கூடும். அது நல்ல அதிர்ச்சியே.

மூன்றாம்படி: ஒருவரின் பசியையாவது தவறாமல் நீக்குதல்

படித்ததைச் செய்யத் தொடங்கும் இடத்தில்தான் புதியவர்கள் திணறுகிறார்கள். வள்ளலார் சொன்னவற்றிலிருந்தே சில நடைமுறைகளை எடுத்துக்கொள்ளலாம்.

அளவு சிறிதாக இருக்கட்டும்; ஆனால் தவறாமல் நடக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை பந்தல் போட்டு ஆயிரம் பேருக்கு விருந்து வைப்பதை விட, வாரத்தில் ஒரு குறித்த நாளில் ஒருவருக்கோ இருவருக்கோ வயிறார உணவு கொடுப்பது இந்த வழிக்கு நெருக்கமானது. குடும்பத்தாரைப் பட்டினி போட்டு வெளியாருக்குக் கொடுப்பது இறைவனுக்குச் சம்மதமில்லை என்பதையும், குடும்பத்தார் பசியை மட்டும் பார்த்துக்கொண்டு வெளியார் பசியைப் பாராதிருப்பதும் அவ்வாறே என்பதையும் அவர் சேர்த்தே சொல்கிறார். ஆகவே கடன் வாங்கி அன்னதானம் செய்யும் ஆர்வத்துக்கு இங்கே இடமில்லை.

உண்ணுபவரின் ஊர், சாதி, சமயம், நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது. குடிப்பவருக்குக் கொடுக்கலாமா, உழைக்கும் உடல் உள்ளவருக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விகள் கட்டாயம் எழும். வீட்டில் உள்ளவர்களும் எழுப்புவார்கள். வள்ளலாரின் விடை ஐயத்துக்கு இடமில்லாதது: பசித்த வேளையில் பார்க்க வேண்டியது பசி ஒன்றே. பணமாகக் கொடுப்பதில் தயக்கம் இருந்தால் சமைத்த உணவாகக் கொடுங்கள். அந்த விவாதம் அத்துடன் முடிந்துவிடும்.

கேட்க நாணுபவரை எப்படி அடைவது? பசித்தும் பிறரைக் கேட்க நாணி, ஊமை கண்ட கனவைப் போல உள்ளுக்குள்ளேயே மறுகுகின்ற மானிகளைப் பற்றி ஜீவகாருண்ய ஒழுக்கம் தனியாகவே பேசுகிறது. அவர்களைக் கோயில் வாசலில் வரிசையில் நிறுத்த முடியாது. வேலை இழந்த அண்டை வீட்டுக்காரர், மகன் பணம் அனுப்புவதை நிறுத்திவிட்ட முதியவர், விடுதிக் கட்டணம் கட்டியதில் சாப்பாட்டுக்குக் காசில்லாமல் போன மாணவர் என்று நமக்குத் தெரிந்தவர்களிலேயே அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். “இன்று கொஞ்சம் அதிகமாகச் சமைத்துவிட்டோம், வீணாகிவிடும்” என்று சொல்லிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். படம் எடுக்காதீர்கள். கொடுத்ததை வேறொருவரிடம் சொல்லாதீர்கள். இந்த இரண்டும் பின்பற்றுவதற்கு எளிதாகத் தோன்றும். உண்மையில் உணவு கொடுப்பதை விடக் கடினமானவை இவையே.

நான்காம்படி: தட்டில் உள்ளதைப் பார்த்தல்

வள்ளலார் வகுத்த சன்மார்க்க நெறியில் புலால் மறுப்பு விருப்பத் தேர்வு அன்று, அடிப்படை நிபந்தனை. ஞானசபை நுழைவாயிலிலேயே கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே புகலாம் என்ற அறிவிப்பு இருக்கிறது. பெருவிண்ணப்பத்தில் வலையையும் தூண்டிலையும் கண்ணி வகைகளையும் கண்டபோதெல்லாம் தம் உள்ளம் நடுங்கியதைப் பாடுபவர், இந்த ஒன்றில் சமரசம் செய்துகொள்ளவில்லை.

புலால் உண்ணும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் இதைப் படித்ததும் நமக்கு இங்கே வேலையில்லை என்று விலகிவிடுவதுண்டு. அவ்வாறு விலக வேண்டியதில்லை. பாடல்களைப் படிப்பதற்கும் பசித்தவருக்கு உணவளிப்பதற்கும் எந்தத் தடையும் இல்லை. அந்தப் பழக்கம் உள்ளே இறங்கும்போது தட்டும் மாறும். இன்னொரு பக்கம், தாம் புலால் விட்டதும் மற்றவர்களை இழிவாகப் பார்க்கத் தொடங்குபவர்களும் உண்டு. புலால் உண்பவர்களைப் புற இனத்தார் என்று வள்ளலார் பிரித்துச் சொன்னார் என்பது உண்மையே. ஆனால் அதே பாட்டில் அவர்களுடைய பசியையும் தவிர்க்கச் சொல்கிறார் என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஐந்தாம்படி: நாள்தோறும் சிறிது நேரம் அமர்தல்

நித்திய கரும விதி என்ற குறிப்பில் அவர் சொல்லும் காலை ஒழுங்கு மிக எளிது. சூரியன் எழுவதற்கு முன் தூக்கம் நீங்கி எழுந்து, திருநீறு அணிந்து, சிறிது நேரம் அமர்ந்து கடவுளைத் தியானிக்க வேண்டும். வீட்டில் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, “அருட்பெருஞ்ஜோதி அருட்பெருஞ்ஜோதி தனிப்பெருங்கருணை அருட்பெருஞ்ஜோதி” என்ற மகாமந்திரத்தை மெதுவாகச் சொல்வது சன்மார்க்க அன்பர்களின் வழக்கம். அதற்குத் தீட்சை தேவையில்லை. குருவுக்குக் கட்டணம் செலுத்த வேண்டியதும் இல்லை. யாரேனும் இரகசிய உபதேசம் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்டால், எல்லோர் காதிலும் விழும்படி மேடை போட்டுப் பேசியவரின் பெயரில் இரகசியம் ஏது என்று கேட்டுவிட்டு எழுந்து வாருங்கள்.

அதே குறிப்பில் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்ந்த சூரணமும் வருகிறது. வள்ளலார் அன்பர்கள் பலர் அதைத் தேநீருக்கு மாற்றாகக் குடிக்கிறார்கள். விருப்பமுள்ளவர் செய்துகொள்ளலாம்; வேறு நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. மூச்சுப் பயிற்சிகளில் தொடக்கத்திலேயே இறங்க வேண்டிய தேவையை நான் காணவில்லை.

ஆறாம்படி: ஒழுக்கங்கள் நான்கில் முதல் இரண்டு

இந்திரிய ஒழுக்கம், கரண ஒழுக்கம், ஜீவ ஒழுக்கம், ஆன்ம ஒழுக்கம் என்று நான்கை வள்ளலார் வகுக்கிறார். முதலாவது புலன்களைப் பற்றியது: கொடுஞ்சொல் கேளாமை, பொய் பேசாமை, இனிய சொல் சொல்லுதல் போன்றவை. இரண்டாவது மனத்தைப் பற்றியது: பிறர் குற்றத்தை எண்ணிக்கொண்டிராமல் மனத்தை இறைவன்பால் நிறுத்துதல். மூன்றாவது, ஆண் பெண், சாதி, சமயம், தேசம் முதலிய பேதம் பாராமல் எல்லா மனிதரையும் ஒன்றாகக் கருதுதல். நான்காவது, யானை முதல் எறும்பு வரை எல்லா உடம்பிலும் உள்ள உயிரைத் திருச்சபையாகவும் அதன் உள்ளொளியை இறைவனாகவும் காணுதல்.

பின்னைய இரண்டும் திருவருள் துணையால்தான் கைகூடும், ஆதலால் முதல் இரண்டையும் நாம் முயல வேண்டும் என்று அவரே சொல்லியிருப்பது புதியவர்களுக்குப் பெரிய ஆறுதல். எறும்பில் இறைவன் தெரியவில்லையே என்று கவலைப்படுவதை விட்டு, இன்று அலுவலகத்தில் எத்தனை பேரைப் பற்றிப் புறம் பேசினோம் என்று இரவில் எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

ஏழாம்படி: பாடல்களுக்குத் திரும்புதல், மாற்றத்தோடு படித்தல்

சில மாதங்கள் இப்படிச் சென்றபின் நூலுக்குத் திரும்பினால் அது வேறு நூலாகத் தெரியும். பாடல்கள் அச்சேறிய கதையே பசியோடு தொடர்புடையது. இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர், பாடல்களை அச்சிட இசைவு கிடைக்கும் வரை நாளுக்கு ஒருவேளை மட்டுமே உண்பதாக உறுதி எடுத்துக்கொண்டார். அதை அறிந்து மனம் தாளாமல்தான் வள்ளலார் இணங்கினார். இராமலிங்கசாமி என்று தம் பெயரை வழங்குவது ஆரவாரமாகத் தோன்றுகிறது, அது தமக்குச் சம்மதமில்லை என்றும் அவருக்குக் கடிதம் எழுதினார். தொழுவூர் வேலாயுத முதலியார் வகுத்த ஆறு திருமுறைகளில் முதல் நான்கு 1867-இலும், ஐந்தாவது 1880-இலும், ஆறாவது 1885-இலும் வெளிவந்தன. பின்னால் வந்த பதிப்புகளில் ஊரன் அடிகள் 1972-இல் கொண்டுவந்த பதிப்பு பாடல்களைக் கால வரிசையில் தருவதால், பாடியவர் மாறிச் செல்வதைக் காண விரும்புபவர்களுக்கு உதவும்.

அந்த மாற்றம் சிறியதன்று. கந்தகோட்டத்தில் “ஒருமையுடன் நினதுதிரு மலரடி நினைக்கின்ற உத்தமர்தம் உறவு வேண்டும்” என்று முருகனிடம் கேட்டவர், பிற்காலத்தில் “கண்மூடி வழக்கமெலாம் மண்மூடிப் போக” என்று பாடுகிறார். 1873 அக்டோபரில் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றி ஆற்றிய பேருபதேசத்தில், முன்பு சைவ சமயத்தில் தமக்கு அளவற்ற பற்று இருந்ததையும், அது இப்போது அகன்றுவிட்டதையும் மறைக்காமல் சொல்கிறார். இதைப் படித்துவிட்டு முற்காலப் பாடல்களைத் தள்ளிவிட வேண்டும் என்று வாதிடுபவர்கள் உண்டு. பிற்கால மாற்றத்தைக் கண்டும் காணாததுபோல் கடந்து செல்லும் சைவ அன்பர்களும் உண்டு. இரண்டு தரப்பும் பாதி வள்ளலாரையே படிக்கின்றன. அவரை மேலே ஏற்றியது எது என்பதையும் அந்த உபதேசத்திலேயே சொல்லிவிடுகிறார்: “என்னை ஏறா நிலைமிசை ஏற்றிவிட்டது யாதெனில் தயவு.”

18-4-1872 அன்று எழுதி முடித்த 1,596 அடிகளைக் கொண்ட அருட்பெருஞ்ஜோதி அகவலை இதற்குப் பிறகு தொடங்கலாம். பொருள் தேடி ஒவ்வோர் அடியிலும் நிற்காமல் ஒரே அமர்வில் ஓதிப் பாருங்கள். அதன் ஓட்டமே பாதிப் பொருளைத் தந்துவிடும். மரணமிலாப் பெருவாழ்வை எப்படிப் புரிந்துகொள்வது என்ற கேள்வி அப்போது எழும். அன்பர்கள் அதைச் சொல்லுக்குச் சொல் உண்மையாகவே கொள்கிறார்கள். 1874-இல் அவர் உடம்பு ஒளியாயிற்று என்பது அவர்கள் நம்பிக்கை. புதியவர் இதில் அவசரமாகக் கட்சி சேர வேண்டியதில்லை. இந்தக் கேள்விக்கு விடை தெரியாததால் எந்தப் பசியும் காத்திருக்கப் போவதில்லை.

எட்டாம்படி: வடலூர் செல்லுதல்

வடலூர் கடலூர் மாவட்டத்தில், நெய்வேலிக்கு அருகே உள்ளது. பேருந்தும் இரயிலும் உண்டு. தைப்பூசத்தன்று கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு வண்ணம் என ஏழு திரைகளும் நீங்கி ஆறு காலங்களில் சோதி தரிசனம் நடைபெறும். கூட்டம் இலட்சக்கணக்கில் இருக்கும். முதல் பயணத்துக்கு அந்த நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. நெரிசலில் நின்று, சில நொடி பார்த்து, தள்ளப்பட்டு வெளியே வந்தால் மனத்தில் எதுவும் நிற்காது. மாதந்தோறும் பூச நட்சத்திரத்திலும் தரிசனம் உண்டு. எண்கோண வடிவச் சபையைச் சுற்றி வந்து அமைதியாக அமர வேண்டுமென்றால் சாதாரண நாளே வசதி.

சபைக்கு முன் தருமச்சாலைக்குச் செல்லுங்கள். 1867-இல் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. யாரும் பெயரோ ஊரோ கேட்க மாட்டார்கள்; பந்தியில் அமர்ந்து, போடுவதைச் சாப்பிடலாம். வசதியுள்ளவர்கள் நமக்கெதற்கு இலவசச் சோறு என்று கூச்சப்பட்டு வெளியே நிற்பதுண்டு. உட்காருங்கள். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்று தெரியாமல் சேர்ந்து உண்பதும் இந்த வழியின் பாடங்களில் ஒன்றுதான். கொடுக்க விரும்பினால் பிறகு அரிசியாகவோ காய்கறியாகவோ கொடுக்கலாம்.

நேரம் இருந்தால் அவர் தங்கிய கருங்குழி வீட்டையும், பிறந்த மருதூர் இல்லத்தையும், மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தையும் ஒரே நாளில் ஒரு வண்டி பிடித்துப் பார்த்துவிடலாம். மேட்டுக்குப்பத்தில் திருஅறை தரிசனம் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கழித்து நடைபெறும். மற்ற நாட்களில் அறையின் கதவு சாத்தியே இருக்கும். அங்கே அமர்ந்து படிக்கப் பேருபதேசத்தின் சிறு நூல் ஒன்றைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். அது பேசப்பட்ட இடம் அதுவே.